லாக் ஃபைல் இல்லாத தொழிற்சாலைகள்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. மொக்கையும் கும்மியும் எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த பதிவுக்கு வரவும். மத்தவங்க ஒரு டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

பொட்டி தட்டுற நம்ம எல்லாருக்கும் ஒரு விஷயம் நல்லாத் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துருச்சுன்னா, ஃபோன் எடுத்தவுடனே நாம கேக்கற முதல் கேள்வி "லாக் எங்கே?" என்பதுதான். லாக் இருந்தா எப்படியும் கண்டுபிடிச்சிடலாம். இல்லேன்னா ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. நெட்வொர்க் டீம் டேட்டாபேஸைக் கைகாட்டும், டேட்டாபேஸ் டீம் நம்மளைக் கைகாட்டும். கடைசியில "ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, இப்ப ஓகே"ன்னு மெயில் போட்டுட்டுத் தூங்கப் போயிடுவோம். பிரச்சினை அப்படியேதான் உள்ளே உக்காந்திருக்கும்.

இதே கதைதான் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் இருபது வருஷமா நடந்துக்கிட்டு இருக்கு என்பது என் கருத்து. வித்தியாசம் என்னன்னா, அங்கே படுக்கறது சர்வர் இல்லை, மனுஷங்க.

சென்னையிலிருந்து பெங்களூரு போற ரோட்டுல பூந்தமல்லி தாண்டினா இந்த ராஜ்ஜியம் ஆரம்பிச்சிடும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், தெற்கே திரும்பினா வல்லம் வடகால், ஒரகடம். 1998-ல் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பிச்சது. 2006-ல் நோக்கியா வந்தது, அதோட ஃபாக்ஸ்கானும் வந்தது. 2010-ல் ஒரகடத்துல ரெனோ-நிஸான், 2012-ல் டைம்லர் லாரி. இப்ப ஐபோன். ஷிஃப்ட் மாறுற நேரத்துல ஒரகடம் கூட்ரோட்டுல நின்னு பாருங்க, கம்பெனி பஸ் வரிசை முடியவே முடியாது. அந்த பஸ்ல வர்ற பசங்களும் பொண்ணுங்களும் பெரும்பாலும் நம்மளை விட சின்னவங்க. திருவண்ணாமலை, விழுப்புரம், திருவாரூர்னு நம்ம ஊர்ப் பிள்ளைகள், அவங்களோட ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் பிள்ளைகள்.

இந்தத் தொழிற்சாலைகள் வந்ததுல எனக்கு சந்தோஷம்தான், முதல்லயே சொல்லிடறேன். ப்ளஸ் டூ முடிச்ச ஒரு பொண்ணு வீட்டை விட்டு வெளியே வந்து, சொந்தமா சம்பாதிச்சு, அப்பா கடனை அடைக்கறா. இதை நகரத்துல உக்காந்துக்கிட்டுக் குறை சொல்றது ரொம்ப ஈஸி. நான் அந்த வேலையைச் செய்யப் போறதில்லை. நான் கேக்கறது ஒரே கேள்விதான்: இந்தப் பிள்ளைங்க எட்டு மணி நேரம் எதை சுவாசிக்கறாங்க, எதைத் தொடறாங்க, அது எங்கேயாவது பதிவாகுதா?

ரெண்டு சம்பவம்

2010 ஜூலை. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில வேலை செய்துக்கிட்டு இருந்தவங்களுக்குத் தலைசுத்தல், வாந்தி, மயக்கம். இருநூறு பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. ஏதோ வாயு கசிஞ்சதுன்னு தொழிலாளர் தரப்புல பேச்சு. பூச்சி மருந்து அடிச்சதால வந்ததுன்னு கம்பெனி தரப்பு. ரெண்டு நாள் பேப்பர்ல வந்தது, அப்புறம் எல்லாரும் மறந்துட்டோம். பூச்சி மருந்துன்னே வெச்சுக்குவோம். என்ன மருந்து? எவ்வளவு அடிச்சாங்க? ஆள் வேலை செய்யும்போதே அடிச்சாங்களா? மயங்கி விழுந்தவங்களை அடுத்த வருஷம் யாராவது கூப்பிட்டுப் பரிசோதிச்சாங்களா? ஒரு பக் ரிப்போர்ட்டுல நாம கட்டாயம் நிரப்புற கட்டங்கள்தான் இதெல்லாம்.

2021 டிசம்பர். ஐபோன் கோர்க்கற ஃபாக்ஸ்கான் ஆலையில வேலை செய்யற பெண்கள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டல்ல சாப்பாடு விஷமாகி 250 பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க. 159 பேரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போன தோழிகள் என்ன ஆனாங்கன்னு மத்த பொண்ணுங்களுக்குச் சரியா சொல்ல ஆளில்லை. செத்துட்டாங்கன்னு வதந்தி பரவுச்சு. 17-ஆம் தேதி ராத்திரி அந்தப் பொண்ணுங்க பெங்களூரு ஹைவேயில வந்து உக்காந்தாங்க. மறுநாள் ஆலை மூடியாச்சு, உலகம் பூரா செய்தி. ஹாஸ்டல்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமா இல்லைன்னு ஆப்பிளே ஒத்துக்கிட்டு, அந்த ஆலையைக் கண்காணிப்புல வெச்சது. 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் திரும்பத் திறந்தாங்க.

அந்த வதந்தியைப் பத்தி அப்ப நிறைய பேர் கிண்டல் பண்ணாங்க. "படிக்காத பொண்ணுங்க, வாட்ஸப்ல வந்ததை நம்பிட்டாங்க"ன்னு. எனக்கு அது கிண்டலாத் தெரியலை. தகவல் இருக்கற இடத்துல வதந்திக்கு வேலையே இல்லை. ஒரு சுவத்துல 159 பேர் பேரையும், எந்த ஆஸ்பத்திரி, இப்ப எப்படி இருக்காங்கன்னும் எழுதி ஒட்டியிருந்தா அன்னிக்கு ராத்திரி ஹைவே காலியா இருந்திருக்கும்.

இந்தக் கதைக்கு ஒரு நல்ல பின்பாதியும் உண்டு, அதையும் சொல்லணும். 2024 ஆகஸ்ட்டுல வல்லம் வடகால்ல 18,720 பெண்கள் தங்கற அளவுக்கு ஒரு பெரிய குடியிருப்பை சிப்காட் கட்டித் திறந்தது. ரோட்டுல உக்காந்து மூணு வருஷம் கழிச்சு கட்டடம் வந்தது. கேட்டா கிடைக்கும். ஆனா கேக்கறதுக்கு வாந்தி வர்ற அளவுக்குக் கண்ணுக்குத் தெரியற நோய் வரணும். பத்து வருஷம் கழிச்சு வர்ற நோயை வெச்சுக்கிட்டு யார் ரோட்டுல உக்காருவா?

உள்ளே என்ன இருக்கு?

எலக்ட்ரானிக்ஸ் ஆலைன்னா நம்ம மனசுல வர்ற படம் வெள்ளை டிரஸ், முகமூடி, தொப்பி, பளபள தரை. புகைபோக்கி கிடையாது, சாக்கடை கிடையாது. "ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கும்"னு சொல்லுவாங்க. இங்கேதான் நம்ம எஞ்சினியரிங் அறிவைக் கொஞ்சம் தட்டி எழுப்பணும்.

அந்த வெள்ளை உடை தொழிலாளியைக் காப்பாத்தறதுக்கு இல்லீங்க. பொருளைத் தொழிலாளிகிட்ட இருந்து காப்பாத்தறதுக்கு. நம்ம முடி, தோல் துகள், எச்சில் எதுவும் போர்டு மேல விழக்கூடாது, அவ்வளவுதான். அதே மாதிரி அங்கே காத்தை வடிகட்டற ஹெபா ஃபில்டர் துகளைப் பிடிக்கும். ஆவியைப் பிடிக்காது. கரைப்பான் ஆவியாகிக் காத்துல கலந்தா அது ஃபில்டரைத் தாண்டி வந்துடும். காத்தை வெளியே தள்ளாம உள்ளேயே திரும்பத் திரும்பச் சுத்த விட்டா அந்த ஆவியும் கூடவே சுத்தும். சுத்தமான அறை வேற, ஆரோக்கியமான அறை வேற.

சாதாரணமா இந்த மாதிரி வேலைகள்ல என்னென்ன வரும்? துடைக்கிறதுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மாதிரி கரைப்பான்கள். சால்டரிங் பண்ணும்போது வர்ற ஃப்ளக்ஸ் புகை, இது ஆஸ்துமாவைக் கிளப்பும்னு தொழில் மருத்துவத்துல ரொம்ப நாளாத் தெரியும். ஒரகடம் பக்கம் கார், லாரி, பைக்னு போனீங்கன்னா பெயின்ட் ஷாப். ரெண்டு பாகமா கலந்து அடிக்கற பாலியூரிதேன் பெயின்ட்ல ஐசோசயனேட் இருக்கும். போபால்ல 1984-ல் கொன்னது மெத்தில் ஐசோசயனேட். பெயின்ட்ல இருக்கறது அதே ரசாயனம் இல்லை, ஒரே குடும்பம், அவ்வளவுதான். ஒரு ராத்திரியில கொல்லாது, ஆனா மூச்சுக்குழாயைக் கெடுக்கும். ஒரு தடவை உடம்பு அதுக்கு ஒவ்வாமை ஆயிட்டா அப்புறம் துளி அளவு போதும், மூச்சுத் திணறும். சரியான முகமூடியும் காத்து உறிஞ்சியும் இருந்தா இது எல்லாமே தடுக்கக் கூடியதுதான். அதனாலதான் இதைப் பத்திப் பேசணும்.

சூஜோவும் கிஹியூங்கும்

சீனாவுல சூஜோ நகரத்துல வின்டெக்னு ஒரு கம்பெனி. டச் ஸ்கிரீன் செய்யும். திரையை ஆல்கஹால் வெச்சுத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஹெக்சேன் அதைவிட வேகமா ஆவியாகும், ஒரு மணி நேரத்துல இன்னும் நிறைய திரை துடைக்கலாம்னு மாத்தினாங்க. ஹெக்சேன் உடம்புக்குள்ள போய் வேற ஒரு பொருளா மாறி, கை கால் நரம்பைத் தாக்கும். முதல்ல விரல் நுனி மரத்துப் போகும், அப்புறம் நடக்கவே முடியாது. 2009-ல் 137 பேர் பாதிக்கப்பட்டதை 2011-ல் ஆப்பிள் தன்னோட அறிக்கையில ஒத்துக்கிட்டது. 2014 ஆகஸ்ட்டுல கடைசிக் கட்ட கோர்ப்பு வேலையில பென்சீனையும் ஹெக்சேனையும் தடை பண்ணுச்சு. சில நொடி மிச்சம் பிடிக்கறதுக்கு நூத்துக்கணக்கான ஆளுங்களோட நரம்பு!

அடுத்தது தென்கொரியா. கிஹியூங்ல சாம்சங்கோட சிப் ஆலை. அங்கே ஒரு இளம்பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, 2007-ல் 22 வயசுல இறந்து போனாங்க. அப்பா டாக்ஸி டிரைவர். அந்தப் பொண்ணோட ஜோடியா அதே இடத்துல வேலை செய்த இன்னொரு பெண்ணும் முந்தின வருஷம் அதே ரத்தப் புற்றுநோய்ல இறந்திருந்தாங்க. ரெண்டு பேர் சேர்ந்து ரசாயனத்துல முக்கி எடுக்கற வேலை, ரெண்டு பேருக்கும் ஒரே நோய். அந்த டிரைவர் பெருசா படிச்சவர் இல்லை. ஆனா அந்த ரெண்டு புள்ளியையும் சேர்த்து ஒரு கோடு போட்டார். பதினோரு வருஷம் போராட்டம். சாம்சங் ஆபீஸ் வாசல்ல ஆயிரம் நாளுக்கு மேல உக்காந்திருந்தாங்க. 2018 நவம்பர்ல சாம்சங் வெளிப்படையா மன்னிப்பு கேட்டு, இழப்பீட்டுக்கு ஒத்துக்கிட்டது. பணியிடத்துல என்ன அளவு ரசாயனம் இருந்ததுங்கற அறிக்கையைக் கேட்டப்போ, அது தொழில் ரகசியம்னுதான் அதுவரைக்கும் பதில் வந்துக்கிட்டு இருந்தது.

உடனே பின்னூட்டத்துல சண்டைக்கு வராதீங்க. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்யற ஆலை. சிப் ஆலை வேற, இது வேற. ஸ்ரீபெரும்புதூர்ல புற்றுநோய் வருதுன்னு நான் சொல்லவே இல்லை. என் வாதம் வேற. அந்த கொரியா டிரைவர் போட்ட கோட்டை இங்கே யாரும் போட முடியாது. அதுக்கான புள்ளிகளே இங்கே மிஞ்சாது.

புள்ளிகள் எப்படித் தொலையுது?

ஒரு லைன்ல பக்கத்துல பக்கத்துல ரெண்டு பொண்ணுங்க வேலை செய்யறாங்கன்னு வெச்சுக்குவோம். ஒண்ணு காண்ட்ராக்டர் மூலமா வந்தது, இன்னொண்ணு வேற காண்ட்ராக்டர். ரெண்டு வருஷம், மூணு வருஷம். அப்புறம் ஒரு பொண்ணு கல்யாணம் ஆகி மன்னார்குடி போயிடும். இன்னொண்ணு ராஞ்சி பக்கம் தன்னோட ஊருக்குப் போயிடும். எட்டு வருஷம் கழிச்சு ரெண்டு பேருக்கும் ஒரே நோய் வந்தாலும் ஒரு டாக்டர் தஞ்சாவூர்ல பார்ப்பார், இன்னொரு டாக்டர் ராஞ்சியில பார்ப்பார். ரெண்டு பேருமே "என்ன வேலை பார்த்தீங்க?"ன்னு கேக்க மாட்டாங்க. கேட்டாலும் "வீட்டுலதான் இருக்கேன்"னு பதில் வரும்.

இதுக்கு என் வீட்டுலயே ஒரு சின்ன உதாரணம் இருக்கு. என் சித்தி பொண்ணு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில (பேரு வேண்டாம்) ரெண்டு வருஷம் வேலை பார்த்தா. பாகத்தைத் துடைச்சு அடுத்த ஆளுக்குத் தள்ளற வேலை. விரல் இடுக்குல தோல் உரிஞ்சு, சிவந்து, வெடிச்சு, சோறு பிசைஞ்சு சாப்பிட முடியாம ஆயிடுச்சு. லீவுல ஊருக்கு வந்தப்போ வந்தவாசியில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் நல்ல டாக்டர், கேட்டார்.

"என்னம்மா தொடறே அங்கே?"

"க்ளீனர் சார்."

"என்ன க்ளீனர்?"

"க்ளீனர்னுதான் சார் சொல்வாங்க. பெரிய கேன்ல இருந்து சின்ன பாட்டில்ல ஊத்திக் குடுப்பாங்க. பாட்டில்ல நம்பர் ஒட்டியிருக்கும்."

டாக்டர் சிரிச்சுக்கிட்டே ஒரு ஆயின்மென்ட் எழுதிக் குடுத்தார். அவ வேலையை விட்டதும் ரெண்டு மாசத்துல ஆறிடுச்சு. நல்லபடியா முடிஞ்ச கதைதான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? ரசாயனம் தோல்ல பட்டு வர்ற சரும நோய், தொழிற்சாலைகள் சட்டத்தோட மூணாவது அட்டவணையில இருக்கற 29 நோய்கள்ல ஒண்ணு. தொழிற்சாலையில வேலை செய்யற, அல்லது செய்த, ஒருத்தருக்கு அந்த நோய் இருக்குன்னு ஒரு டாக்டர் நினைச்சா, தலைமை ஆய்வாளருக்கு எழுத்துல தெரியப்படுத்தணும்னு அதே சட்டத்தோட 89-ஆவது பிரிவு சொல்லுச்சு. வந்தவாசி டாக்டருக்கு இது தெரியாது. என் தங்கச்சிக்குத் தெரியாது. ஒரு புள்ளி அங்கேயே அழிஞ்சு போச்சு.

கம்பெனி போனா லாக்கும் போச்சு

"இப்ப ஒண்ணும் ஆகலையே"ங்கறவங்களுக்கு கொடைக்கானல் கதை. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல இருந்து பெயர்த்துக் கொண்டு வந்த தெர்மாமீட்டர் ஆலை, 1980-கள்ல அங்கே ஆரம்பிச்சது, அப்புறம் ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த உடைஞ்ச கண்ணாடி டன் கணக்குல ஊருக்குள்ள ஒரு காயலான் கடையில கிடந்ததை 2001 மார்ச்ல ஊர்க்காரங்களே கண்டுபிடிச்சாங்க. ஆலை மூடியாச்சு. ஆனா அங்கே வேலை செய்தவங்களோட உடம்புக்கு என்ன ஆச்சுங்கற வழக்கு அதுக்கப்புறம் வருஷக்கணக்கா இழுத்துச்சு. பாதிப்பே இல்லைன்னு கம்பெனி சொல்ல, சிறுநீரகம் போச்சு, நரம்பு போச்சுன்னு தொழிலாளிகள் சொல்ல, 591 முன்னாள் தொழிலாளிகளோட ஒப்பந்தம் வந்தது 2016 மார்ச்ல. ஆலை மூடி பதினஞ்சு வருஷம்! அதுக்குள்ள இறந்தவங்க இறந்தே போயிட்டாங்க.

நம்ம காரிடார்ல அதே மாதிரி மூடின ஆலை இருக்கு. நோக்கியா 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்துச்சு. ஃபாக்ஸ்கானோட அன்றைய ஆலையும் அந்த வருஷக் கடைசியில நின்னுச்சு, அப்புறம் ஐபோன் காலத்துல திரும்பி வந்தாங்க. அப்ப வெளியே போன ஆயிரக்கணக்கான பேர் இப்ப முப்பது, நாப்பது வயசுல எங்கெங்கேயோ இருக்காங்க. ஆட்டோ ஓட்டறாங்க, மளிகைக் கடை வெச்சிருக்காங்க. நாளைக்கு அவங்கள்ல ஒருத்தர் டாக்டர்கிட்ட போய் உக்காந்தா, கையில நீட்டறதுக்கு ஒரு சம்பள சீட்டு இருக்கும். எந்த ரசாயனத்தோட எத்தனை மாசம் இருந்தோம்னு காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

சட்டம் இல்லையா?

இருக்கு. நம்ம ஊர்ல சட்டத்துக்கா பஞ்சம்? :-)

போபாலுக்கு அப்புறம் 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்துல ஒரு அத்தியாயமே சேர்த்தாங்க. அபாயகரமான தொழில்னா ரசாயனத்தோட கெடுதல் என்னன்னு தொழிலாளிக்கும் ஊருக்கும் நிர்வாகமே சொல்லணும். உடல்நலப் பதிவேடு வெச்சிருக்கணும், தொழிலாளி கேட்டா காட்டணும். வேலைக்குச் சேரும்போது பரிசோதனை, இருக்கும்போது பரிசோதனை, அந்த வேலையை விட்ட பிறகும் பரிசோதனை. வேலையை விட்ட பிறகும்! 1987-ல் இதை எழுதின யாரோ ஒரு அதிகாரி ரொம்ப நல்ல மனுஷன்.

ஆனா "அபாயகரமான தொழில்"னா எதுன்னு ஒரு பட்டியல் போட்டாங்க. உரம், பெயின்ட் தயாரிப்பு, தோல், கண்ணாடி, பேட்டரி எல்லாம் அதுல வரும். செல்போன் கோர்க்கற தொழில்னு பேர் சொல்லி ஒரு வரி அதுல கிடையாது. 1987-ல் இந்தியாவுல செல்போனே கிடையாதே, எப்படி இருக்கும்? பிரச்சினை என்னன்னா அந்தப் பட்டியல் அப்படியே ஓடிக்கிட்டு இருக்கறது. 2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டம் போய், பணிப் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கு. வருஷாந்திர இலவச உடல் பரிசோதனை மாதிரி சில நல்ல விஷயம் அதுல இருக்கு. ஆனா பட்டியல் ஏறக்குறைய அதே பட்டியல். நோய்ப் பட்டியல்லயும் பென்சீன் இருக்கு, ஐசோசயனேட் இருக்கு, ஹெக்சேன் பேர் இல்லை. இருபது பேருக்குக் கீழே வெச்சு மின்சாரத்துல ஓடற சின்னப் பட்டறை "தொழிற்சாலை"ங்கற வரையறைக்குள்ளயே வராது. முன்னாடி இந்த எல்லை பத்து பேரா இருந்தது. பெரிய கம்பெனிக்கு பாகம் செய்து குடுக்கற குட்டிப் பட்டறைகள்தான் ரொம்ப மோசமான இடம்ங்கறது அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும்.

இன்னொரு விசித்திரம். வேலிக்கு வெளியே வர்ற புகையும் கழிவுநீரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட பொறுப்பு. வேலிக்கு உள்ளே தொழிலக பாதுகாப்பு இயக்ககம். ஆளோட உடம்பு ஈ.எஸ்.ஐ. பொறுப்பு. காத்துக்கு வேலி தெரியாது, ஃபைலுக்கு நல்லாத் தெரியுது. மூணு டேட்டாபேஸ், ஒண்ணுக்கொண்ணு ஜாயின் கிடையாது.

இது "அவங்க பிரச்சினை"ன்னு நாம தள்ளி வைக்கவும் முடியாது. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பினா அந்த உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குத்தான் வருது. செம்பரம்பாக்கம் தண்ணி எங்கே வருதுன்னு சென்னைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழாயைத் திறந்தா தெரியும்.

வழக்கமான கேள்விகள்

"இப்படியெல்லாம் கேட்டா கம்பெனி ஆந்திராவுக்கோ வியட்நாமுக்கோ ஓடிடும்." ஒரு பாட்டில்ல இருக்கற ரசாயனத்தோட உண்மையான பேரைத் தமிழ்லயும் இந்தியிலயும் எழுதி ஒட்டறதுக்கு எவ்வளவு செலவாகும்? அந்தத் தகவல் கேன் கூடவே எம்.எஸ்.டி.எஸ். தாள்ல கம்பெனிக்கு வந்துக்கிட்டுதான் இருக்கு. ஆங்கிலத்துல, ஸ்டோர் ரூம் ஃபைல்ல. இதுக்காக ஓடற கம்பெனி ஏதாவது இருந்தா, அது எதுக்கு ஓடுதுன்னு நாம யோசிக்கணும்.

"தொழில் ரகசியம்." என் தங்கச்சி கையில பட்டது எந்த ரகசியம்? எந்தக் கலவையில எவ்வளவுங்கறது ரகசியமா இருக்கட்டும். உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கறது அதைத் தொடறவங்க உரிமை. பிஸ்கெட் பாக்கெட்டுலயே எழுதறாங்க.

"அவங்களே விரும்பித்தானே வேலைக்குப் போறாங்க." கண்டிப்பா. ஆனா எதுக்கு சம்மதிக்கறோம்னு தெரியாம குடுக்கற சம்மதம் சம்மதமா? நாம ஒரு ஆப் இன்ஸ்டால் பண்ணா கேமரா வேணுமா, மைக் வேணுமான்னு கேக்குது. இங்கே நுரையீரலுக்கு யாரும் பர்மிஷன் கேக்கலை.

சரி, என்ன பண்ணலாம்?

புலம்பிட்டுப் போயிட்டா எப்படி? என் மண்டைக்கு எட்டினது நாலு விஷயம்.

ஒண்ணு. ஈ.எஸ்.ஐ. நம்பர். இந்தத் தொழிலாளிகள்ல மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்க எல்லாருக்கும் ஒரு ஈ.எஸ்.ஐ. எண் உண்டு. கம்பெனி மாறினாலும் அதே எண்தான். எந்த மாசம் எந்த முதலாளி பணம் கட்டினார்ங்கறதும் பதிவாகுது. அதாவது முக்கால்வாசி டேபிள் ஏற்கெனவே ரெடி. இன்னும் ஒரே ஒரு காலம் சேர்க்கணும்: எந்தப் பணியிடம், என்ன ரசாயனம். ராஞ்சியில இருக்கற டாக்டரும் தஞ்சாவூர்ல இருக்கற டாக்டரும் அந்த எண்ணைப் போட்டா ஒரே வரி தெரியணும். அந்த கொரியா டிரைவர் போட்ட கோட்டை அப்ப கம்ப்யூட்டரே போட்டுடும். இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, நம்ம ஆளுங்க காலேஜ் ப்ராஜெக்ட்ல செய்யற விஷயம்.

ரெண்டு. வேலையை விடும்போது ரிலீவிங் லெட்டர் மாதிரி ஒரு உடல்நலத் தாள். சேரும்போது எடுத்த ரத்தப் பரிசோதனை, மூச்சுப் பரிசோதனை, விடும்போது எடுத்தது, தொட்ட ரசாயனங்கள் பட்டியல். காண்ட்ராக்ட் ஆளுக்கும் சேர்த்து. பி.எஃப். பணம் மாதிரி இது தொழிலாளியோட சொத்து.

மூணு. அபாயத் தொழில் பட்டியலைத் தொழிலோட பேரை வெச்சுப் போடாம, பயன்படுத்தற பொருளை வெச்சுப் போடணும். ஹெக்சேன் எங்கே இருக்கோ அங்கே சட்டம் இருக்கணும். அது செல்போன் ஆலையா, செருப்புப் பட்டறையாங்கறது முக்கியமில்லை.

நாலு. டாக்டர்கள். 1700-ல் இத்தாலியில ரமாஸினின்னு ஒரு மருத்துவர் தொழிலாளர் நோய்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளிகிட்ட வழக்கமா கேக்கற கேள்விகளோட இன்னும் ஒண்ணு சேர்த்துக்கங்கன்னு அதுல சொன்னார்: நீ என்ன தொழில் செய்யறே? முன்னூறு வருஷம் ஆச்சு. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் ஓ.பி. சீட்டுல அந்த ஒரு கட்டம் இருந்தா போதும். இப்ப என்ன வேலை, முன்னாடி என்ன வேலை.

இதையெல்லாம் செய்ய வேண்டியது அரசாங்கம். ஆனா நாமளும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கடலூர் சிப்காட் பக்கத்து கிராமத்துக்காரங்க 2004-லேயே ஒரு வழி காட்டினாங்க. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்துல இருந்து என்ன நாத்தம் வந்ததுன்னு நோட்டு போட்டு எழுத ஆரம்பிச்சாங்க. வாளிக்குள்ள பை வெச்சுக் காத்தைப் பிடிச்சுப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. மீனவரும் விவசாயியும் சேர்ந்து எழுதின லாக் ஃபைல் அது. மூக்கும் ஒரு நோட்டும்தான் அவங்க ஆரம்ப முதலீடு. நம்மகிட்ட அதைவிட வசதி இருக்கு.

அதனால நான் ஒரு தகவல் உரிமை மனு எழுதி வெச்சிருக்கேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள் கெடு. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு நாலு கேள்வி:

1. 2006 முதல் இன்று வரை காஞ்சிபுரம் மாவட்டத் தொழிற்சாலைகளில் இருந்து வந்த தொழில்நோய் அறிவிப்புகள் எத்தனை? ஆண்டு வாரியாக, நோய் வாரியாக.

2. அவற்றில் நிர்வாகம் அனுப்பியவை எத்தனை, மருத்துவர்கள் அனுப்பியவை எத்தனை?

3. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பகுதிகளில் அபாயகரமானவை என்று வகைப்படுத்தப்பட்ட ஆலைகள் எத்தனை?

4. 2010 ஜூலை சம்பவத்தின் ஆய்வு அறிக்கை நகல்.

முதல் கேள்விக்குப் பூஜ்யம்னு பதில் வந்தா அதை வெச்சு சந்தோஷப்படக் கூடாது. இத்தனை பெரிய பேட்டைகள்ல இருபது வருஷத்துல ஒரு தோல் நோய் கூட வரலைன்னா, ஒண்ணு அந்த ஊர் சொர்க்கமா இருக்கணும், இல்லேன்னா யாரும் எழுதலைன்னு அர்த்தம். எர்ரர் லாக் காலியா இருந்தா நாம ப்ரோக்ராம் நல்லா ஓடுதுன்னு நம்பவா செய்யறோம்? லாகிங் ஆன்ல இருக்கான்னு முதல்ல பார்ப்போம் இல்லையா!

திங்கட்கிழமை போஸ்ட் பண்றேன். என்ன பதில் வருதோ, அதிகாரி கையெழுத்தை மறைச்சுட்டு இங்கேயே போடறேன். கோவை, ஓசூர், ராணிப்பேட்டை, தூத்துக்குடி பக்கம் இருக்கற பதிவர்கள் ஊர்ப் பேரை மாத்திட்டு இதையே அனுப்பலாம். கேள்விகளை அப்படியே காப்பி பண்ணிக்கங்க, காப்புரிமை எல்லாம் கிடையாது.

பி.கு: அந்தப் பக்கம் வேலை செய்யற தம்பி, தங்கச்சி யாராவது வீட்டுல இருந்தா, அடுத்த தடவை ஃபோன்ல பேசும்போது "சாப்டியா?"ன்னு கேட்டுட்டு, "கையில என்ன தொடறே?"ன்னும் கேளுங்க. பாட்டில் மேல பேர் இருந்தா குறிச்சு வைக்கச் சொல்லுங்க. வெறும் நம்பர்தான் இருந்தா அந்த நம்பரையும் தேதியையும் குறிச்சு வைக்கச் சொல்லுங்க. என்னிக்காவது ஒரு டாக்டர் கேப்பார்.